நாட்குறிப்பில் இருந்த தளபதி

ஜப்பானியப் படைகள் கொரிய மண்ணை விட்டு அகன்று ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1604ஆம் ஆண்டில், ஜோசன் ராஜ்யத்தின் அரசராகிய சொன்ஜோ, அந்த ஏழாண்டு யுத்தத்தில் அரும்பணி ஆற்றியவர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதன் முதல் வகுப்பில் இடம்பெற்ற பெயர்கள் மூன்றே: கடற்படைத் தளபதி யி சுன் சின், தரைப்படையை நடத்திய குவோன் யுல், மூன்றாவதாக வொன் கியூன். மூவரும் அதற்கு முன்பே காலமாகியிருந்தனர். முதல்வர் தாம் நடத்திய கடற்போர்களில் ஒன்றிலேனும் தோல்வி காணாதவர். மூன்றாமவரோ, முதல்வர் பல்லாண்டு பாடுபட்டுத் திரட்டிய கப்பற்படையை ஏறக்குறைய ஒரே இரவில் பறிகொடுத்துத் தாமும் மாண்டவர். மந்திரிகள் வொன் கியூனை இரண்டாம் வகுப்பில்தான் வைத்திருந்தார்கள்; அவரை முதல் வகுப்புக்கு ஏற்றியவர் அரசரே. யி சுன் சின்னைப் பதவி நீக்கிச் சிறையிலிட்டதும், அவர் இடத்தில் வொன் கியூனை அமர்த்தியதும் அந்த அரசரின் ஆணைப்படியே நடந்தவையாகையால், வொன் கியூன் தகுதியற்றவர் என்று ஒப்புக்கொண்டிருந்தால் பழி சிம்மாசனத்தின் மீதல்லவா விழுந்திருக்கும்!

அரசாங்க முத்திரையோடு வெளிவந்த ஆவணமே இவ்வளவு ஓரவஞ்சனை உடையதாக இருக்கையில், நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்து, ‘நீ சரித்திரத்துக்கு உண்மையாக நடந்துகொண்டாயா?’ என்று கேட்பது நியாயந்தானா என்று ஒருவர் ஐயுறலாம். ஆயினும் கொரிய மக்கள் கேட்கத்தான் செய்தார்கள். அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான கேபிஎஸ், 2004 செப்டம்பர் முதல் 2005 ஆகஸ்ட் வரை, வார இறுதி நாட்களில், 104 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘அழிவற்ற யி சுன் சின்’ என்ற நாடகம், தலைமைப் பாத்திரத்தை ஏற்ற கிம் மியோங் மின்னுக்கு அவ்வாண்டின் தலைசிறந்த விருதையும், தனக்கு ஓயாத விவாதத்தையும் சம்பாதித்துத் தந்தது. அது நேராகச் சரித்திர ஏடுகளிலிருந்து எழுந்ததன்று. கிம் ஹூன், கிம் தக் ஹ்வான் என்ற இரு எழுத்தாளர்களின் நாவல்களை ஆதாரமாகக் கொண்டது. அந்த நாவல்களில் பிந்தியவருடையது வொன் கியூனைத் தூக்கி நிறுத்துகிறது என்ற அபவாதத்துக்கு முன்னமே ஆளாகியிருந்தபடியால், முதற்பகுதி வெளிவருவதற்கு முன்பே சண்டை மூண்டுவிட்டது.

சிறு பிழைகளை முதலில் பார்த்துவிடலாம். அவை கண்ணுக்கு உடனே தெரிபவை, மன்னிக்கவும் எளிதானவை. இத்தகைய நாடகங்களில் பீரங்கி வெடித்தவுடன் எதிரிக் கப்பலின் மேல்தளம் தீப்பிழம்பாகச் சிதறுவதைக் காண்கிறோம். அக்காலத்துக் கொரியக் கப்பற் பீரங்கிகளோ, வானம், பூமி, கருமை, மஞ்சள் என்று சீன எழுத்துப் பாடத்தின் முதல் நான்கு எழுத்துகளால் வரிசைப்படுத்தப்பட்டவை. அவற்றிலிருந்து புறப்பட்டவை இரும்பு, கல் முதலியவற்றாலான திண்ணிய குண்டுகளும், இறகு பொருத்திய பெரிய மரத்தண்டு அம்புகளுமே. பலகையைப் பிளந்து உள்ளே நீர் புக வைப்பதும், மேல்தளத்தில் நிற்போரை வீழ்த்துவதும் அவற்றின் வேலை. வெடிக்கும் குண்டு அந்த யுத்தத்தில் இல்லாமற் போகவில்லை. ஆனால் அது குட்டைப் பீரங்கியினின்று எறியப்பட்டது, கியோங்ஜு கோட்டையை மீட்ட தரைப்போரில் பெயர் பெற்றது. கப்பல்களைத் தீக்கிரையாக்கிய பெருமை பெரும்பாலும் தீயம்புகளுக்கே உரியது.

இன்னும் ஒன்று. நாடகத்தின் கண்ணெல்லாம் ஆமைக்கப்பலின் மேலேயே இருக்கிறது. அதன் நாகத்தலையும் கூரை முட்களும் அவ்வளவு அழகானவை. எந்த இயக்குநரும் மயங்காதிருக்க முடியாது. யுத்தத்தை வென்று கொடுத்ததோ, 1555ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைக்குப் பின் உருவாக்கப்பட்ட பனோக்ஸொன் என்ற இரட்டைத் தளப் போர்க்கப்பல். தட்டையான அடிப்பாகம் உடையதாகையால் அது தீவுகளும் சேற்றுத் திட்டுகளும் நிறைந்த தென்கடலில் நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பவல்லது. துடுப்பு வலிப்போர் கீழேயும் வீரர் மேலேயும் பிரிந்து நின்றதால் ஒருவர் வேலைக்கு மற்றவர் இடையூறாகவில்லை. எதிரிக் கப்பலின் மேல் தாவி ஏறி வாளால் முடிவு காண விரும்பிய ஜப்பானியருக்கு அதன் உயர்ந்த பக்கச்சுவர் ஒரு மதிலாயிற்று. 1592ஆம் ஆண்டு ஹன்சான் தீவருகில் ஜப்பானியத் தளபதி வாகிசாகா யாசுஹாருவின் 73 கப்பல்களை வெளிக்கடலுக்கு இழுத்து வந்து, நாரையின் விரித்த சிறகுபோல் அணிவகுத்துச் சூழ்ந்து, 59 கப்பல்களை அழித்தும் கைப்பற்றியும் யி சுன் சின் வெற்றி கொண்டபோது, அந்த அணியில் பெரும்பான்மை பனோக்ஸொன்களே. ஆமைக்கப்பல்கள் இரண்டோ மூன்றோதான்.

ஆமைக்கப்பலைப் பற்றிச் சொல்ல வந்தால் ஏடுகளே போதிய ரசம் தருகின்றன. அந்தப் பெயர் யி சுன் சின்னுக்கு ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1413ஆம் ஆண்டு அரண்மனை வரலாற்றில் காணப்படுகிறது. ஆகவே அவர் புதிதாகப் படைத்தார் என்பதைவிட, நா தே யோங் என்ற அதிகாரியின் துணையோடு அதற்குப் புத்துயிர் அளித்தார் என்பதே பொருந்தும். சாச்சோனில் அது முதன்முதலாகப் போர் புரிந்த பின் அவர் அரசவைக்கு அனுப்பிய அறிக்கையில், முன்புறம் நாகத்தலை, அதன் வாயிலிருந்து பீரங்கி, முதுகில் இரும்பு முட்கள், உள்ளிருந்து வெளியே பார்க்கலாம் ஆனால் வெளியிலிருந்து உள்ளே பார்க்க இயலாது என்று விவரிக்கிறார். இரும்புத் தகடு போர்த்தியது என்று அவர் எழுதவில்லை. அவருடைய அண்ணன் மகன் யி புன் எழுதிய சரிதத்திலும் கூரை மரப்பலகையே. உலகின் முதல் இரும்புக் கவசக் கப்பல் என்ற பிரசித்தி, இரும்பு போர்த்தியிருந்ததாகக் கூறும் ஜப்பானியக் குறிப்பு ஒன்றையும், பிற்காலத்து தேசாபிமானத்தையும் பற்றிக்கொண்டு வளர்ந்தது. இனி, யி சுன் சின்னின் நாட்குறிப்பின்படி ஆமைக்கப்பலின் பீரங்கிகளைச் சுட்டுப் பரீட்சித்த நாள் 1592ஆம் ஆண்டு நான்காம் மாதம் 12ஆம் தேதி. மறுநாளே ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் படை பூசான் கடற்கரையில் தோன்றிற்று. இவ்வளவு நாடகத் தன்மை வாய்ந்த தற்செயலைச் சரித்திரமே எடுத்துக் கையில் கொடுத்திருக்க, தொலைக்காட்சிக்காரர்கள் அது போதாதென்று, சோதனையோட்டத்தில் ஆமைக்கப்பல் மூழ்குவதாக ஒரு காட்சியை நுழைத்தார்கள். அதற்கு எந்த ஏட்டிலும் ஆதாரமில்லை. தேசத்தின் பெருமிதத்தையே மூழ்கடித்துவிட்டார்கள் என்று நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கோபம் சற்று மிகைதான் என்றாலும், இல்லாத தோல்வியைக் கற்பித்து வெற்றிக்குச் சுவை கூட்டும் அந்த உத்தியை நானும் ரசிக்கவில்லை.

பீரங்கியும் கப்பலும் கிடக்கட்டும். வொன் கியூன் விவகாரமே இந்த நாடகத்தின் உயிர்நிலை. நாடகத்தில் அவர் யி சுன் சின்னுக்கு இளமை முதலே பழகியவராக, முரட்டுத் துணிச்சலும் திறந்த நெஞ்சும் உடைய வீரராக வருகிறார். வொன் கியூன் ஐந்தாண்டு மூத்தவர் என்பது மெய். பால்ய சிநேகம் என்பதற்கோ சான்று கிடையாது. யி சுன் சின்னின் இளமையை அறிந்தவராக ஏடுகளில் நிற்பவர், அவரை 1591ஆம் ஆண்டு ஜொல்லா மாகாணத்து இடப்புறக் கடற்படைக்குத் தளபதியாக்கப் பரிந்துரைத்த மந்திரி ரியூ சொங் ரியோங். இந்த மந்திரி பின்னாளில் எழுதிய ‘ஜிங்பிரோக்’ என்ற யுத்த நினைவேடு வொன் கியூனுக்கு இரக்கம் காட்டவில்லை. அரண்மனை வரலாறோ இரு பிரதிகளாக இருக்கிறது: சொன்ஜோ மறைந்த பின் ஒரு கட்சியார் தொகுத்தது ஒன்று, 1623ஆம் ஆண்டு ஆட்சி கவிழ்ந்த பின், எதிர்க்கட்சியார் திருத்தித் தொகுத்து 1657இல் முடித்தது மற்றொன்று. ஆகவே வொன் கியூனை நல்லவராகக் காட்டினாலும் தீயவராகக் காட்டினாலும் ஏதேனும் ஒரு கட்சியின் மை அதில் ஒட்டியிருக்கத்தான் செய்யும் என்று நாடகத்துக்குப் பரிந்து பேசுவோர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் முதல் பிரதியைத் தொகுத்தவர்களுங்கூட, கடற்படை அழிந்த செய்திக்கு வந்ததும், அதற்கு வொன் கியூனையே பொறுப்பாக்கிச் சினந்து எழுதியிருக்கிறார்களே! கட்சி பேதம் கடந்த இந்தச் சாட்சியை வாதிகள் மறந்துவிடுகிறார்கள்.

அந்த அழிவு நேர்ந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1597ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பானியத் தளபதி கோநிஷி யுகிநாகாவின் ஆளாகிய யோஷிரா என்ற ஒற்றன், தன் எஜமானரின் பகைவரான காதோ கியோமாசா இன்ன வழியாகக் கடல் கடந்து வருகிறார் என்று கொரியருக்குத் தகவல் கொடுத்தான். இடைமறித்துத் தாக்கும்படி அரசவை ஆணையிட்டது. யி சுன் சின், எதிரி வாயிலிருந்து வந்த செய்தியை நம்பிக் கப்பற்படையை அபாயத்தில் தள்ளத் தயங்கினார். ஆணையை மீறியவர் என்று அவரை விலங்கிட்டுத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். வொன் கியூன் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அமர்ந்த பின் வொன் கியூனும் அதே தயக்கத்துக்கு ஆளாகி, தரைப்படை முன்னே சென்று கரையைத் துடைத்தாலன்றிக் கப்பல்கள் போக இயலாது என்று மன்றாடினார். மேலதிகாரியான குவோன் யுல் அவரைக் கூப்பிட்டுத் தடியடி கொடுத்துக் கடலுக்கு அனுப்பினார். அடிபட்ட அவமானத்தோடு புறப்பட்ட அந்த மனிதர் சில்சொல்லியாங் நீரிணையில் இரவோடிரவாக முற்றுகையிடப்பட்டு, படையை இழந்து, கரையேறி ஓடுகையில் கொல்லப்பட்டார். வொன் கியூனைப் பற்றி அனுதாபத்தோடு நாடகம் எழுத விரும்பியவனுக்கு இந்த ஒரு சம்பவம் போதாதா? தம் போட்டியாளர் சொன்னதே சரி என்று காலம் கடந்து உணர்ந்து, அதைச் சொல்லியும் அடிபட்டு, தாம் நம்பாத போருக்குப் போய் மாண்டவரின் கதை அது. அதற்கு மேல் இளமை நட்பும் பொய்ப் பராக்கிரமமும் சூட்டத் தேவையே இருக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதே குறையைத்தான் யி சுன் சின் பாத்திரத்திலும் காண்கிறேன். சிலையாகச் சமைந்துவிட்ட தேசிய வீரனை மறுபடி மனிதனாக்குவதே தங்கள் நோக்கம் என்ற தோரணையில் இவ்வகைப் படைப்புகள் வெளிவருகின்றன. நோக்கம் சிறந்ததே; அவர் எப்படிச் சிலையானார் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1643ஆம் ஆண்டு அவருக்கு ‘சுங்மு’ என்ற மரணோத்தர விருதுப்பெயர் கிடைத்தது. 1795ஆம் ஆண்டு ஜொங்ஜோ அரசர் அவருடைய எழுத்துகளை எல்லாம் தொகுப்பித்து அச்சேற்றினார். நாடு ஜப்பானியர் கைக்குப் போய்க்கொண்டிருந்த 1908ஆம் ஆண்டில் ஷின் சே ஹோ அவர் சரிதத்தை எழுதினார். அடிமைக் காலத்தில், 1931ஆம் ஆண்டு யி குவாங் சு பத்திரிகையில் தொடர்கதையாக்கினார். ராணுவத்திலிருந்து அதிபர் பதவிக்கு வந்த பார்க் சுங் ஹீ, அஸான் ஊரிலிருக்கும் தளபதியின் நினைவாலயத்தைப் பெரிதாக்கினார். 1968ஆம் ஆண்டு சியோல் நகரின் நட்டநடு வீதியில் வெண்கலச் சிலை எழுந்தது. அந்தச் சிலை வாளை வலக்கையில் உறையோடு பிடித்திருப்பதால் வீரனை இடக்கைக்காரனாக்கிவிட்டார்கள் என்றும், கவசம் சீனச் சாயல் உடையது என்றும் இன்றுவரை வழக்காடுகிறார்கள். வீரர்களுக்கு ஓய்வு கிடையாது. தொலைக்காட்சி நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2005 மார்ச்சில், ஜப்பானின் ஷிமானே மாவட்ட மன்றம் தொக்தோ தீவுகளுக்கு உரிமை கோரி ஒரு தினத்தை அறிவிக்க, கொரியாவெங்கும் எழுந்த ஆத்திரம் திரையிலிருந்த தளபதியின் புகழை இன்னும் ஓங்கச் செய்தது. மனிதனாக்கப் புறப்பட்டவர்களின் கையிலேயே அவர் மறுபடி சிலையானார்.

ஆனால் அந்த மனிதர் எங்கும் போய்விடவில்லை. 1592 முதல் மாதம் தொடங்கி 1598ஆம் ஆண்டு பதினோராம் மாதம் 17ஆம் தேதி வரை, இடையிடையே விடுபட்ட பகுதிகளோடு, தம் கையாலேயே எழுதிய நாட்குறிப்பில் அவர் உயிரோடு இருக்கிறார். உலகின் நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டு சேர்த்துக்கொண்ட ஆவணம் அது. அதில் வீரவசனம் மிகக் குறைவு. மழை, காற்று, வில்பயிற்சி, யார் வந்தார், யாரோடு மது அருந்தினார், எந்தச் சிப்பாய்க்கு என்ன தண்டனை என்பவையே பக்கங்களை நிரப்புகின்றன. ஹன்சான் போரைத் தேடிப் போனால் அந்த மாதத்து ஏடே இல்லை. அதை அரசவைக்கு அனுப்பிய அறிக்கையில்தான் படிக்க வேண்டும். இரவில் வியர்த்து நனைந்து உறக்கமின்றிப் புரண்டது, வயிற்றுவலி, கண்ட கனவு, குறி பார்த்தது, தாயாரின் நலம் தெரியாத கவலை எல்லாம் வருகின்றன. வொன் கியூனைப் பற்றியோ, அவர் பேச்சும் நடத்தையும் பொறுக்கவில்லை என்ற முணுமுணுப்பு அடிக்கடி தலைகாட்டுகிறது. சில இடங்களில் அது மேன்மக்களுக்கு அழகன்று என்று சொல்லத் தோன்றும் அளவுக்குக் கசப்பானது. பகைவனை மன்னித்த உத்தமர் அல்லர் அவர். எரிச்சலோடு குறித்து வைத்த மனிதர். இந்தக் கசப்பையே திரையில் காட்டியிருந்தால், சிலையை உடைக்க வேறு கற்பனை வேண்டியிருந்திராது.

1597ஆம் ஆண்டு நாட்குறிப்பு சிறைக் கதவைக் கடந்து வெளியே வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. உள்ளே என்ன நடந்தது என்று அவர் விவரிக்கவில்லை. பதவி பறிக்கப்பட்டு, வெள்ளுடையில் சேவை புரியும் தண்டனையோடு தெற்கே நடக்கிறார். இதைத் திரையிலே கண்டவர்கள் தளபதி வெறும் காலாட்படை ஆளாக இறக்கப்பட்டார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது பதவியின்றித் தொண்டு செய்து இழந்ததை மீட்க வாய்ப்பளிக்கும் தண்டனை, குவோன் யுல்லின் பாசறையில் அவருக்கு உரிய மரியாதை இருந்தது. வழியில், அவரைக் காணக் கப்பலேறி வந்த தாயார் கப்பலிலேயே இறந்துபோன செய்தி வருகிறது. ஈமக்கடனை முடிக்கவும் பொழுதின்றி, காவலதிகாரி அவசரப்படுத்த, அவர் புறப்படுகிறார். அவ்வாண்டின் பத்தாம் மாதத்தில் இளைய மகன் மியோன் ஊரில் ஜப்பானியர் கையால் மாண்ட கடிதம் கிடைக்கிறது. படைவீரர் முன் அழ இயலாமல், உப்புக் காய்ச்சும் ஒருவன் வீட்டுக்குள் போய் அழுதார் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தக் காட்சிகளுக்கு எந்த வசனகர்த்தாவும் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியதில்லை.

இவ்விரு துக்கங்களுக்கும் நடுவே நிகழ்ந்ததே மியோங்னியாங் போர். சில்சொல்லியாங்குக்குப் பின் மறுபடி தளபதியாக்கப்பட்ட அவருக்கு, அழிந்த படையில் எஞ்சியிருந்தவை பன்னிரண்டு கப்பல்கள். பின்னர் ஒன்று சேர்ந்து பதின்மூன்றாயின. எதிரே வந்தவை, அவர் குறிப்பின்படி, 133. மற்றத் தலைவர்களின் கப்பல்கள் பின்தங்கி நிற்க, தம் கப்பல் ஒன்றே முன்சென்று நெடுநேரம் போரிட்டதையும், அத்தலைவர்களுள் பின்வாங்கிய ஆன் வீயை அழைத்து, ஓடினால் எங்கே போய்ப் பிழைப்பாய் என்று கடிந்ததையும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். நீரோட்டத்தின் குறுக்கே இரும்புச் சங்கிலியைக் கட்டி எதிரிக் கப்பல்களைக் கவிழ்த்தார் என்ற ஐதிகத்துக்கோ அந்தக் குறிப்பில் இடமேயில்லை. அது பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களிலும் குடும்பச் சரிதங்களிலும் தலைகாட்டுவது. 1592ஆம் ஆண்டு வசந்தத்தில், யுத்தம் தொடங்குமுன், தம் தலைமையிடமான யோசு துறைமுகத்தின் வாயிலில் சங்கிலி பூட்டுவதை மேற்பார்வையிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சங்கிலிதான் ஜனங்களின் நாவில் மேற்கே நகர்ந்து போர்க்களத்துக்குள் புகுந்ததோ என்னவோ.

2014ஆம் ஆண்டு இதே போரைப் பற்றி வெளிவந்து, ஒரு கோடியே எழுபத்தாறு லட்சம் பேரைத் திரையரங்குக்கு இழுத்த ‘மியோங்னியாங்’ திரைப்படம், தளபதி பே ஸொல் ஆமைக்கப்பலுக்குத் தீ வைப்பதாகவும் யி சுன் சின்னைக் கொல்லச் சதி செய்வதாகவும் காட்டியது. அவர் போருக்கு முன் படையை விட்டு ஓடியதும், 1599இல் அதற்காகத் தலை இழந்ததும் உண்மை. ஆனால் சில்சொல்லியாங் அழிவிலிருந்து அந்தப் பன்னிரண்டு கப்பல்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவரும் அவரே. வம்சாவளி ஏட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அந்நாட்டில், நானூறு ஆண்டுக்கு முந்திய பாட்டனாருக்காக அவர் சந்ததியார் படம் எடுத்தவர்கள் மீது அவதூறுப் புகார் கொடுத்ததில் வியப்பில்லை. அங்கே பழைய பாத்திரங்களும் உயிருள்ள வாரிசுகளை உடையவர்கள். ஒருவனை உயர்த்த இன்னொருவன் தலையில் கால் வைக்கும் எழுத்தாளன் அதை எண்ணிப் பார்ப்பது நலம்.

கடைசியாக நோரியாங். 1598ஆம் ஆண்டு பதினோராம் மாதம் 19ஆம் தேதி விடியலில், பின்வாங்கும் ஜப்பானியக் கப்பல்களை மிங் பேரரசின் தளபதி சென் லின்னோடு சேர்ந்து வழிமறித்துப் போரிடுகையில், துப்பாக்கிக் குண்டு பட்டு யி சுன் சின் விழுந்தார். தம் மரணத்தை வெளியிட வேண்டாம் என்று சொல்லி அவர் கண்ணை மூட, அண்ணன் மகன் யி வான் போரை விடாமல் நடத்தினார் என்பது ஜிங்பிரோக் தரும் செய்தி. வெற்றியோடு திரும்பினால் அரசர் என்ன செய்வாரோ என்று அஞ்சி அவர் வேண்டுமென்றே சாவைத் தேடிக்கொண்டார் என்றும், இறந்ததாக நடித்து மறைந்து வாழ்ந்தார் என்றும் பிற்காலத்தார் கட்டிய கதைகள் உண்டு. நாவலாசிரியர்களுக்கு அவை கரும்பாக இனிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் சந்தேகத்துக்கு உரம் ஊட்டிய நிஜமான சங்கதி ஒன்று அரண்மனை வரலாற்றிலேயே இருக்கிறது. அவரைத் தளபதி பதவிக்குக் கொண்டுவந்த ரியூ சொங் ரியோங், எதிர்க்கட்சியாரின் தூற்றலுக்கு இரையாகி, அரசவையிலிருந்து நீக்கப்பட்ட நாளும் அதே பதினோராம் மாதம் 19ஆம் தேதிதான். தொலைக்காட்சிக்கு எழுதுபவர் யாரேனும் இதைத் தாமாகக் கற்பித்திருந்தால், இவ்வளவு பொருத்தம் நம்பும்படி இல்லை என்று நேயர்கள் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.